ஸ்பின் பயிற்சி எதற்காக? தனிப்பறத்தலை நெருங்கும் கிளைடர் மாணவருக்கு ஒரு பதில்

தனியாகப் பறக்கும் நாள் நெருங்கிவிட்டது, அதற்குமுன் ஸ்பின் (இயந்திரமில்லா விமானமான கிளைடர் சுழன்றபடியே கீழே விழும் நிலை) பயிற்சியை முடித்தாக வேண்டும் என்று பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இன்றைய பயிற்சிக் கிளைடர்கள் ஸ்பின்னுக்குள் போகவே மறுக்கும்போது வேண்டுமென்றே எதற்காக அதில் விழ வேண்டும்? விழுந்தால் மீள்வதற்கான சரியான வரிசை என்ன? நினைத்தாலே வயிற்றைக் கலக்கும் இந்தப் பயத்தை என்ன செய்வது?

மீட்பு முறையை ஒரே மாலையில் மனப்பாடம் செய்துவிடலாம். அதைவிட முக்கியமான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கிளைடர் விமானிகளின் உயிரைப் பறிக்கும் ஸ்பின்கள் பெரும்பாலும் மீள்வதற்கு இடமே இல்லாத உயரத்தில் தொடங்குகின்றன. தரையிறங்கும் முன் வரும் கடைசித் திருப்பத்தில், 80 அல்லது 100 மீட்டர் உயரத்தில், முழு ஸ்பின்னுக்குள் போய்விட்ட கிளைடரை எவ்வளவு தேர்ந்த விமானியும் தரைக்கு மேலே நிமிர்த்திவிட முடியாது. ஆகவே ஸ்பின் பயிற்சியின் முதல் பயன், ஸ்பின்னுக்கு முந்தைய இரண்டு மூன்று நொடிகளைக் கண்ணுக்கும் காதுக்கும் கைக்கும் அறிமுகம் செய்துவைப்பது. மீள்வது அதற்கு அடுத்தது. பயிற்சியில் இந்த வரிசை அடிக்கடி தலைகீழாகிவிடுகிறது. மாணவர் மூன்று சுற்றுச் சுற்றி அழகாக மீள்கிறார், பதிவேட்டில் கையெழுத்து விழுகிறது. எந்தத் தவறு அவரை அதற்குள் கொண்டுபோகும் என்பது மட்டும் தெரியாமலே போய்விடுகிறது.

ஸ்பின் வருவதற்கு இரண்டு காரணங்கள் ஒன்றுசேர வேண்டும். இறக்கை ஸ்டால் ஆக வேண்டும், அதாவது தூக்குவிசையைப் பெருமளவு இழக்க வேண்டும். அதே வேளையில் மூக்கு பக்கவாட்டில் திரும்பிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்று இல்லாவிட்டாலும் ஸ்பின் இல்லை. ஸ்டாலைத் தீர்மானிப்பது வேகம் அல்ல, காற்று இறக்கையைச் சந்திக்கும் கோணம். ஸ்டிக்கை (கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுத் தண்டை) பின்னால் இழுக்க இழுக்க அந்தக் கோணம் கூடுகிறது. ஏறத்தாழ 15 பாகையைத் தாண்டும்போது, அதுவரை மேற்பரப்பைத் தழுவி ஓடிக்கொண்டிருந்த காற்று பிரிந்துவிடுகிறது; தூக்குவிசை விழுகிறது, இழுவை, அதாவது காற்றின் தடை, ஏறுகிறது.

சாதாரணமாகப் பறக்கும்போது ஒரு இறக்கை தாழ்ந்தால், கீழே போகிற அந்த இறக்கையைக் காற்று இன்னும் பெரிய கோணத்தில் சந்திக்கும், தூக்குவிசை கூடும், தாழ்வது தானாகவே தடுக்கப்படும். விமானம் உருண்டுவிடாமல் இருப்பதே இதனால்தான். ஸ்டாலுக்கு அப்பால் இந்தக் கணக்கு நேரெதிராகிவிடுகிறது. தாழும் இறக்கையின் கோணம் கூடக்கூட அதன் தூக்குவிசை மேலும் குறைகிறது, இழுவை மேலும் கூடுகிறது. அது இன்னும் தாழ்ந்து, மூக்கையும் தன் பக்கம் இழுக்கிறது. உயரும் இறக்கையோ அவ்வளவு ஆழமாக ஸ்டால் ஆகாமல் இன்னும் ஓரளவு தூக்கிக்கொண்டே இருக்கிறது. சுழற்சி தன்னைத்தானே ஊட்டி வளர்க்கத் தொடங்கிவிட்டது. விமானி ஸ்டிக்கைப் பின்னால் பிடித்திருக்கும் வரை அது நிற்பதற்குக் காரணமே இல்லை.

கிளைடரின் நீண்ட இறக்கை இதைக் கூர்மையாக்குகிறது. 15 மீட்டர் இறக்கை கொண்ட ஒரு கிளைடர் 45 பாகை சாய்ந்து, மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் தெர்மலில் (மேலெழும் வெப்பக்காற்றில்) வட்டமிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வட்டத்தின் ஆரம் சுமார் 64 மீட்டர். உட்பக்க நுனி செல்லும் வட்டம் சிறியது, வெளிப்பக்க நுனியுடையது பெரியது. கணக்குப் போட்டால் உள்நுனி மணிக்கு 82, 83 கி.மீ. வேகத்திலும் வெளிநுனி 97, 98 கி.மீ. வேகத்திலும் பறக்கின்றன. வேகமானி காட்டுவது நடுவில் உள்ள 90ஐ மட்டும். நேர்ப்பறத்தலில் 70 கி.மீ. வேகத்தில் ஸ்டால் ஆகும் கிளைடர், 45 பாகைச் சாய்வில் 83இலேயே ஸ்டால் ஆகும். 60 பாகையில் 99 ஆகிவிடும். இந்த இரண்டு கணக்கையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், தெர்மலின் மையத்தைப் பிடிக்கும் ஆசையில் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும் விமானி எவ்வளவு ஓரத்தில் நிற்கிறார் என்பது விளங்கும். இறக்கையில் மழைத்துளியோ பூச்சிகளோ அப்பியிருந்தால் அந்த ஓரம் இன்னும் குறுகும்.

கிளைடரைச் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் ஏறி இறங்கும் மடலான ஐலரானையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு இறக்கை தாழத் தொடங்கினால் ஸ்டிக்கை எதிர்ப்பக்கம் தள்ளித் தூக்குவதுதான் நமக்குப் பழகிய கைவேலை. அப்படித் தள்ளும்போது, தாழ்ந்த இறக்கையின் ஐலரான் கீழே இறங்கி, அந்த நுனியின் கோணத்தை மேலும் கூட்டுகிறது. ஸ்டாலின் விளிம்பில் இருக்கும் நுனியை விளிம்புக்கு அப்பால் தள்ளிவிடுவது அதுதான். இழுவையும் கூடுவதால் மூக்கும் அந்தப் பக்கமே திரும்பும். காப்பாற்ற நினைத்த கையே ஸ்பின்னைத் தொடங்கிவைக்கிறது.

இனி அந்தக் கடைசித் திருப்பத்தைக் காக்பிட்டுக்குள் இருந்து பார்ப்போம். இடப்பக்கம் திரும்பித் தரையிறங்கும் பாதை. பின்னிருந்து காற்று தள்ளியதால் திருப்பத்தைச் சற்றுத் தாமதமாகத் தொடங்கிவிட்டார் விமானி. மூக்கு ஓடுபாதைக்கு நேராக வருவதற்குள் கிளைடர் அதன் நடுக்கோட்டைத் தாண்டிவிடும் போலிருக்கிறது. சாய்வைக் கூட்டினால் சரியாகிவிடும். ஆனால் தரை அருகில் தெரிவதால், இறக்கை நுனியைத் தாழ்த்த மனம் வரவில்லை. இடக்கால் தானாக ரட்டரை (பெடலால் இயங்கும் வால் சுக்கானை) அழுத்தி மூக்கை உள்ளே கொண்டுவரப் பார்க்கிறது. மூக்கு உள்ளே வருகிறது. வெளி இறக்கை வேகமெடுத்துச் சாய்வு கூடுகிறது. கூடிய சாய்வைக் குறைக்கக் கை ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளுகிறது. ரட்டரால் மூக்கு சற்றுத் தாழ்ந்திருக்கிறது, ஆகவே கை பின்னாலும் இழுக்கிறது. இப்போது ரட்டர் இடப்பக்கம், ஸ்டிக் வலப்பக்கமும் பின்பக்கமும். காற்று வரும் திசையைக் காட்டக் கண்ணாடியின் மேல் ஒட்டியிருக்கும் கம்பளி நூலின் வால் திருப்பத்தின் உட்பக்கமாக, அதாவது இடப்பக்கம், ஒதுங்கியிருக்கிறது. காற்றின் ஓசை மெலிந்திருக்கிறது.

இந்தக் காட்சியில் நான் மாணவர்களிடம் மீண்டும் மீண்டும் சுட்டிக்காட்டுவது ஒன்று உண்டு: மூக்கு உயர்ந்திருக்கவில்லை. தொடுவானத்துக்குக் கீழே, ஏறக்குறைய வழக்கமான இடத்தில்தான் இருக்கிறது. மூக்கை மேலே தூக்கி, வேகம் குறைந்து, அதிர்ந்து, பிறகு விழுவதுதான் ஸ்டால் என்று பயிற்சியில் பார்த்த கண்ணுக்கு, இதில் எதுவுமே ஸ்டாலாகத் தெரியாது. அடுத்த கணம் இடது இறக்கை காலடியில் கதவு திறந்ததுபோல் விழும்.

தரைக்கு அருகில் கண்ணும் ஏமாற்றும். பின்காற்றில் பறக்கும்போது தரை வேகமாக ஓடுவதால் நாமும் வேகமாகப் போவதாகத் தோன்றும். அறியாமலே மூக்கை உயர்த்தி வேகத்தைக் குறைப்போம். பக்கக்காற்று கிளைடரைப் பக்கவாட்டில் நகர்த்தும்போது, திருப்பம் சரியாக அமையவில்லை என்று தோன்றி ரட்டரால் திருத்தப் பார்ப்போம். உயரத்தில் இந்த மயக்கங்கள் இல்லை. அதனால்தான் 1,000 மீட்டரில் அழகாகத் திரும்பும் மாணவரும் 100 மீட்டரில் தடுமாறுகிறார். மருந்தும் திருப்பத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ள வேண்டியது: தரையிறங்குவதற்கு வேண்டிய வேகத்தை முன்கூட்டியே நிலைநிறுத்துவது, கடைசித் திருப்பத்தை உயரம் இருக்கும்போதே முடிப்பது, தாராளமாகச் சாய்த்துத் திரும்புவது, நடுக்கோட்டைத் தாண்டிவிட்டால் தாண்டியபடியே விட்டுவிட்டுச் சாவகாசமாகத் திரும்பி வருவது. நடுக்கோட்டிலிருந்து விலகி இறங்குவதால் யாரும் சாவதில்லை.

தரையில் நின்று கேபிளைச் சுருட்டி இழுக்கும் வின்ச் மூலம் மேலே ஏறும் இடங்களில் இன்னொரு பொறி இருக்கிறது. ஏற்றத்தின் நடுவில் கேபிள் அறுந்துவிடுகிறது. மூக்கு மேல்நோக்கி நிற்கிறது, இழுப்பு நின்றுவிட்டது, வேகம் சரசரவென்று இறங்குகிறது. விமானி உடனே ஸ்டிக்கை முன்னால் தள்ளி மூக்கைத் தாழ்த்துகிறார். அந்த வளைவில் உடல் எடையற்றதுபோல் மிதக்கிறது. இறக்கையும் சுமை சுமக்கவில்லை. ஆகவே மிகக் குறைந்த வேகத்திலும் அது ஸ்டால் ஆகாமல் இருக்கிறது, அதிர்வு முதலான எச்சரிக்கை எதுவும் இல்லை. மூக்கு இறங்கு நிலைக்கு வந்துவிட்டதைக் கண் பார்க்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து ஸ்டிக்கைச் சற்று இழுத்துத் திருப்பத்தைத் தொடங்கினால் அங்கே ஸ்பின் காத்திருக்கிறது. மூக்கு உரிய இடத்துக்கு வந்த பிறகும் வேகம் வந்துசேரப் பல நொடிகள் ஆகும். வேகமானி தரையிறங்குவதற்கு வேண்டிய வேகத்தைக் காட்டும் வரை திருப்பமும் கூடாது, ஏர் பிரேக்கும் (இறக்கையில் திறக்கும் வேகத்தடுப்பு) கூடாது. பிரிட்டிஷ் கிளைடிங் சங்கம் 2005இல் தொடங்கிய பாதுகாப்பான வின்ச் ஏவல் இயக்கம் வலியுறுத்தியவற்றில் இதுவும் ஒன்று. தரையை விட்டு எழுந்ததும் அவசரமாகச் செங்குத்து ஏற்றத்துக்குப் போகக் கூடாது என்பது இன்னொன்று. அப்படிச் சட்டென்று மூக்கைத் தூக்கும்போது ஒரு இறக்கை ஸ்டால் ஆனால், கிளைடர் தரைக்கு அருகிலேயே உருண்டுவிடும்.

இனி மீட்பு. இரண்டு கட்டங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இறக்கை இப்போதுதான் விழத் தொடங்குகிறது, சுழற்சி இன்னும் நிலைபெறவில்லை என்றால், பெரும்பாலான பயிற்சிக் கிளைடர்களில் செய்ய வேண்டியது மிகக் குறைவு: ஸ்டிக்கை முன்னால் விடுங்கள், மூக்கு மேலும் திரும்பாதபடி ரட்டரால் நிறுத்துங்கள். கோணம் குறைந்ததும் இறக்கை மறுபடி பறக்கத் தொடங்கிவிடும். சாய்வை அதற்குப் பிறகு ஐலரானால் சரிசெய்துகொள்ளலாம். விழுந்த இறக்கையை முதலில் தூக்கிவிட வேண்டும் என்ற துடிப்பை அடக்குவதுதான் இதில் கடினம். இந்த அனிச்சை படியும் வரை பழக வேண்டும். உங்கள் உயிரைக் காக்கப்போவது அநேகமாக இதுதான்.

சுழற்சி நிலைபெற்றுவிட்டால் முழு முறை வேண்டும். ஐலரான்களை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். சுழலும் திசைக்கு எதிர்ப்பக்க ரட்டரை முழுவதும், கடைசி வரை, அழுத்துங்கள். ஒரு கணம் பொறுங்கள். பிறகு ஸ்டிக்கை நேராக முன்னால், சுழற்சி நிற்கும் வரை, தொடர்ச்சியாகக் கொண்டுபோங்கள். நின்றதும் ரட்டரை நடுவுக்குக் கொண்டுவந்து, பாய்ச்சலிலிருந்து மென்மையாக நிமிருங்கள். உங்கள் கிளைடரின் கையேடு இதிலிருந்து எங்காவது வேறுபட்டால், கையேடு சொல்வதே சட்டம். ஃபிளாப் (இறக்கையின் வளைவை மாற்றும் பின்விளிம்பு மடல்) உள்ள கிளைடர்களில் அதை எந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதும் அங்கேதான் இருக்கும்.

எதிர் ரட்டர் ஏன் முதலில் என்றால், சில வால் அமைப்புகளில் எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்க ஸ்டிக் அசைக்கும் வால் மடல்) கீழே இறங்கினால் ரட்டருக்குப் போகும் காற்றை மறைத்துவிடும். ரட்டரின் வலிமை முழுதாக இருக்கும்போதே அதைப் பயன்படுத்திவிட வேண்டும். அந்த ஒரு கண இடைவெளியும் இதற்காகவே. ஸ்டிக்கை எவ்வளவு தூரம் தள்ள வேண்டும் என்ற கேள்விக்கு அளவுச் சொல் இல்லை. சுழற்சி நிற்கும் வரை. சில கிளைடர்களில் எலிவேட்டர் தானாக மேல்நோக்கி மிதந்துகொண்டிருக்கும், ஸ்டிக்கைத் தள்ள எதிர்பாராத பலம் தேவைப்படும். இரண்டு அங்குலம் தள்ளிவிட்டு, தள்ளியாகிவிட்டது என்று நினைத்துக் காத்திருக்கும் மாணவர்கள் அதிகம். நின்ற பிறகு ரட்டரை நடுவுக்குக் கொண்டுவர மறந்தால், நிமிர்த்த இழுக்கும் நேரத்தில் எதிர்ப்பக்கம் இன்னொரு ஸ்பின் தொடங்கலாம்.

எந்தப் பக்கம் சுழல்கிறோம் என்பதே குழம்பிவிட்டால், இரண்டு பெடல்களையும் காலால் தொட்டுப் பாருங்கள். சுழலும் பக்கம் ரட்டர் ஏற்கெனவே ஒதுங்கியிருக்கும், அந்தப் பெடல் தளர்வாக இருக்கும். எதிர்த்து நிற்கும் பெடல்தான் அழுத்த வேண்டியது.

இந்த எதிர் ரட்டர் உபாயம் எளிதில் கிடைத்ததன்று. 1912 ஆகஸ்ட் 25 அன்று இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில், கடற்படை அதிகாரி வில்ஃப்ரெட் பார்க் ஓட்டிய ஏவ்ரோ விமானம் சுழன்று விழுந்தது. அன்றைய நம்பிக்கைப்படி அவர் ஸ்டிக்கைப் பின்னால் இழுத்து, ரட்டரைச் சுழலும் பக்கமே வைத்துப் பார்த்தார், பலனில்லை. தரைக்குச் சுமார் 50 அடி மேலே, வேறு வழியின்றி ரட்டரை முழுவதும் எதிர்ப்பக்கம் தள்ளினார், விமானம் நிமிர்ந்தது. பலர் கண்ணெதிரே நடந்ததால் அது உடனே ஆராயப்பட்டது. பிறகு 1917இல் ஃபார்ன்பரோவில் இயற்பியலாளர் ஃபிரெடரிக் லிண்டமன் தாமே விமானம் ஓட்டக் கற்று, வேண்டுமென்றே ஸ்பின்னுக்குள் போய் அளவெடுத்து வந்தார். வேகம் குறைவாகவே இருக்கிறது, இறக்கை ஸ்டால் ஆகியிருக்கிறது என்பதை அளவுகளோடு பார்த்ததால் மீட்பு முறைக்குக் காரணமும் கிடைத்தது.

அந்த வேக அளவு உங்களுக்கும் வேண்டும். ஏனென்றால் ஸ்பின்னைப் போலவே தோன்றும் இன்னொன்று இருக்கிறது: ஸ்பைரல் டைவ். இரண்டிலும் மூக்கு கீழே, தரை சுழல்கிறது. ஸ்பின்னில் வேகமானி ஸ்டால் வேகத்தை ஒட்டியே தயங்கிக்கொண்டிருக்கும், இருக்கையில் அழுத்தமும் பெரிதாகக் கூடாது. ஸ்பைரல் டைவில் இறக்கை ஸ்டால் ஆகவில்லை; வேகம் மளமளவென்று ஏறும், காற்று இரையும், உடம்பு இருக்கைக்குள் அழுந்தும். அங்கே செய்ய வேண்டியதும் வேறு: இழுப்பைத் தளர்த்தி, ஐலரானும் ரட்டரும் சேர்த்துச் சாய்வை முதலில் சமன்செய்து, அதன் பிறகு நிமிர வேண்டும். சாய்வை விட்டுவிட்டு இழுத்தால் சுருள் இறுகும், இறக்கையின் சுமை ஏறும்.

பல பயிற்சிக் கிளைடர்களில் தொடங்கிய ஸ்பின், ஒன்றிரண்டு சுற்றுக்குள் தானாகவே ஸ்பைரல் டைவாக மாறிவிடும். மாணவர் இன்னும் ஸ்பின்னில் இருப்பதாக நினைத்து ஸ்டிக்கைப் பின்னால் பிடித்துக்கொண்டே சுற்றுகளை எண்ணிக்கொண்டிருப்பார், வேகமானியோ எல்லையை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே பயிற்சியின்போது ஒவ்வொரு சுற்றிலும் வேகத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். வழக்கமான வகைச் சான்று பெற்ற ஐரோப்பியக் கிளைடர்களுக்கு விதி கேட்கும் சுமை எல்லை குறைந்த வேகங்களில் 5.3 ஜி (அதாவது சாதாரண எடையின் 5.3 மடங்கு), உச்ச வடிவமைப்பு வேகத்தில் 4 ஜி, ஏர் பிரேக் திறந்திருந்தால் 3.5 ஜி. வேகம் எல்லையை நெருங்கினால், தாண்டுவதற்கு முன்பே ஏர் பிரேக்கைத் திறந்து வேகத்தைக் கட்டுப்படுத்தலாம். திறந்த பிறகு நிமிர்வது இன்னும் மென்மையாக இருக்க வேண்டும் என்பதை அந்த 3.5 நினைவூட்டும்.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். இன்றைய பயிற்சிக் கிளைடர்கள் ஸ்பின்னுக்குள் போக மறுக்கின்றன என்பது பாதி உண்மை. 1979இல் முதன்முதலாகப் பறந்த ஏஎஸ்கே 21 உலகெங்கும் பயிற்சிக்குப் பயன்படுகிறது. இரண்டு பேர் அமர்ந்தால் அதை ஸ்பின்னில் வைத்திருப்பதே கடினம். அதனால்தான் ஸ்பின் பயிற்சிக்கென்று வாலில் பொருத்தும் எடைகள் அதற்கு இருக்கின்றன. டிஜி-1000இலும் வாலின் நிமிர்ந்த பகுதியில் எடை வைக்கும் அமைப்பு உண்டு. எடை பின்னால் நகர்ந்தால் அதே கிளைடர் ஸ்பின்னுக்குள் விருப்பத்தோடு போகும், வெளியே வரவும் கூடுதல் நேரம் எடுக்கும். போலந்தின் புஹாச் எந்த எடையும் சேர்க்காமலே தெளிவாக, ஆழமாக ஸ்பின்னுக்குள் போகும். முறைப்படி செய்தால் மீளும். அரைகுறையாகச் செய்தால் மன்னிக்காது. ஸ்பின் என்றால் என்ன என்பதைக் கற்க அது நல்ல ஆசான் என்பது என் கருத்து.

கிளைடரின் வகையைவிட எடையின் இடம்தான் பேசும் என்பதை நீங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். பயிற்சியாளர் இல்லாமல் நீங்கள் தனியாக அமரும் நாளில் எடை மையம் மாறுகிறது. உடல் எடை குறைவானவர் என்றால், காக்பிட்டில் எழுதியிருக்கும் குறைந்தபட்ச எடையைக் கட்டாயம் பாருங்கள். குறைவாக இருந்தால் ஈய எடை சேர்க்காமல் ஏறவே கூடாது. எடை மையம் பின் எல்லையைத் தாண்டிய கிளைடர், சான்றளிப்புச் சோதனையில் பறந்த கிளைடர் அல்ல. மீட்பு முறை அதில் வேலைசெய்யும் என்று யாரும் உங்களுக்கு உறுதி தரவில்லை. அதோடு, சாதுவான இரட்டை இருக்கைக் கிளைடரில் பழகிவிட்டு, பிறகு மெல்லிய இறக்கை கொண்ட ஒற்றை இருக்கைக் கிளைடருக்குப் போகிறவர், பழைய தவறுகளையும் கூடவே எடுத்துப்போகிறார். அதுவரை அவரை மன்னித்துவந்தது விமானம்.

பயிற்சியே ஆபத்து இல்லையா என்ற வாதமும் பொய்யல்ல. அமெரிக்காவில் 1949இல் சாதாரண விமானி உரிமத்துக்கு ஸ்பின் கட்டாயம் என்பதை நீக்கினார்கள்; ஸ்டாலை அடையாளம் கண்டு தவிர்ப்பதில் கவனம் செலுத்துவது மேல் என்பது அதன் அடிப்படை. பயிற்சியாளர் உரிமத்துக்கு மட்டும், கிளைடர் உட்பட, ஸ்பின் பயிற்சி அங்கே இன்றும் கட்டாயம். ஸ்பின் பயிற்சியின்போதே பயிற்சியாளரும் மாணவரும் சேர்ந்து இறந்த விபத்துகளும் நடந்திருக்கின்றன. ஆனால் விசைவிமானத்துக்குப் பொருந்தும் வாதம் கிளைடருக்கு அப்படியே பொருந்தாது. கிளைடர் விமானி பறக்கும் நேரத்தில் பெரும்பகுதியை ஸ்டால் வேகத்துக்குச் சற்று மேலே, சாய்ந்து, கொந்தளிக்கும் காற்றில், பக்கத்தில் பிற கிளைடர்களோடு வட்டமிட்டுக் கழிக்கிறார். அந்த இடத்தில் ஸ்பின் என்றாவது ஒருநாள் வரக்கூடியது, மீள உயரமும் இருக்கும். அதை முன்பின் பார்த்திராதவருக்கு உயரம் இருந்தும் பயனில்லை. ஆகவே என் நிலைப்பாடு தெளிவானது: பயிற்சி வேண்டும், போதிய உயரத்தில் மட்டும் வேண்டும். தரைக்கு அருகில் நடப்பதை உண்மையாகக் காட்டுகிறேன் என்று தாழ்வான உயரத்தில் ஸ்பின்னைத் தொடங்கும் பயிற்சியாளரோடு பறக்க மறுத்துவிடுங்கள். அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

பயிற்சி நாளில் நடக்க வேண்டியது இதுதான். ஏறுவதற்கு முன் எடைக் கணக்கு, பாராசூட், அதைப் பயன்படுத்தும் முறை. மேலே போனதும் சோதனைகள்: தொடங்க உயரம் போதுமா, கிளைடர் உரிய நிலையில் இருக்கிறதா, பட்டைகள் இறுக்கமா, காக்பிட்டில் உருளக்கூடிய பொருள் ஏதும் உண்டா, கீழே ஊரோ விமான நிலையமோ இல்லையே, சுற்றிலும் கீழேயும் வேறு விமானம் இல்லையே. எடை கூட்டத் தண்ணீர் ஏற்றிய இறக்கையோடு ஸ்பின் பயிற்சி கிடையாது. ஒரு சுற்றுக்கு மூன்று நான்கு நொடிகள் ஆகும். ஒரே ஒரு சுற்றுப் போட்டு மீள்வதற்கும் பொதுவாக 150 மீட்டரோ அதற்கு மேலோ கரைந்துவிடும். ஆகவே 1,000 மீட்டருக்கு மேல் தொடங்கி, 500 மீட்டருக்கு மேலேயே நேராகப் பறந்துகொண்டிருக்க வேண்டும் என்பது நான் வைத்துக்கொள்ளும் கணக்கு. உங்கள் சங்கத்தின் விதி இதைவிட இறுக்கமாக இருந்தால் அதன்படி நடங்கள்.

முதல் ஸ்பின்னைப் பயிற்சியாளர் செய்துகாட்டட்டும். நீங்கள் பார்க்க மட்டும் செய்யுங்கள். ஸ்டிக் முழுவதும் பின்னால் வருகிறது, ஓசை அடங்குகிறது, ரட்டர் போகிறது, ஒரு இறக்கை சட்டென்று நழுவுகிறது. தொடுவானம் கண்ணாடியின் மேல் விளிம்பைத் தாண்டி மறைந்து, முன்னால் வயல்கள் மட்டும் நிறைகின்றன. அவை உங்களைச் சுற்றிச் சக்கரமாகச் சுழல்கின்றன. இதில் எல்லாரும் வியக்கும் விஷயம், அதன் நிசப்தம். இவ்வளவு பெரிய அசைவுக்கு இவ்வளவு குறைந்த ஓசை. வயல்கள் கண்ணை நிறைக்கும்போது உடம்பு முழுவதும் இழு இழு என்று கத்தும். ஸ்டிக் ஏற்கெனவே வயிற்றைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதை அந்தக் கணத்தில் கவனியுங்கள். இழுத்தும் மூக்கு ஏறவில்லை என்றால் இறக்கை ஸ்டால் ஆகியிருக்கிறது. மற்ற எல்லா அறிகுறிகளும் ஒளிந்துகொண்டாலும் இந்த ஒன்று ஒளிவதில்லை.

பயத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெயரில் இருக்கும் பயம் முதல் பறத்தலிலேயே பெருமளவு போய்விடும். தலைசுற்றலும் குமட்டலும் வேறு விஷயம். அவை பயமல்ல, காதின் சமநிலை உறுப்பு செய்யும் வேலை. ஒரு பறத்தலில் இரண்டு மூன்று ஸ்பின் போதும். வயிறு கலங்கினால் உடனே சொல்லி நேராகப் பறக்கச் சொல்லுங்கள். தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாணவர் எதையும் கற்பதில்லை. வெறும் வயிற்றோடும் போக வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம்.

பிறகு, பயிற்சியாளரிடம் நீங்களாகவே கேட்டு வாங்க வேண்டியவை சில இருக்கின்றன. நல்ல உயரத்தில் ஒரு கற்பனை ஓடுபாதையை வைத்துக்கொண்டு, ரட்டரால் மூக்கை உள்ளே தள்ளும் அந்தக் கடைசித் திருப்பத்தை மெதுவாகச் செய்துகாட்டச் சொல்லுங்கள். நூல் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது, ஸ்டிக் எங்கே போகிறது என்று பார்த்து, இறக்கை விழும் முன்பே நீங்கள் நிறுத்துங்கள். தெர்மலில் வட்டமிடும் நிலையிலிருந்து, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து ஸ்டாலின் விளிம்பைத் தொடுங்கள். கேபிள் அறுந்ததாக வைத்துக்கொண்டு, மூக்கைத் தூக்கித் தாழ்த்தி, வேகம் திரும்பி வர எத்தனை நொடி ஆகிறது என்று வாய்விட்டு எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை உங்களை வியக்கவைக்கும். முழுச் சுற்றுகளைவிட இவற்றில் செலவிடும் நேரமே எனக்கு மதிப்புள்ளதாகப் படுகிறது. விழவிடாமல் நிறுத்திய ஒவ்வொரு முறையும் எது முதலில் மாறியது, ஓசையா, கையின் கனமா, நூலா என்று பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். அவர் கண்டது வேறாக இருந்தால் இன்னொரு முறை செய்யுங்கள்.

தனியாகப் பறந்த பிறகும் இது முடிவதில்லை. நீண்ட இடைவெளிக்குப் பின் ஒவ்வொரு பருவம் தொடங்கும்போதும் இரட்டை இருக்கையில் ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளுங்கள். புதிய ஒற்றை இருக்கைக் கிளைடருக்கு மாறும் நாளில், தரையில் இருக்கும்போதே அதன் கையேட்டின் ஸ்பின் பகுதியையும் எடை அட்டவணையையும் படித்துவிடுங்கள். முதல் பறத்தலில் உயரம் கிடைத்ததும், நேராகவும் இரு பக்கத் திருப்பங்களிலும் மெல்ல ஸ்டாலின் விளிம்புக்குப் போய், அதன் எச்சரிக்கை எப்படி இருக்கிறது, எந்த வேகத்தில் வருகிறது, ஸ்டிக் அப்போது எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு இறங்கி வாருங்கள்.